நாலு வருஷம் படித்ததற்கு ஷாப்ஃப்ளோரில் என்ன வேலை?

கேள்வி:

ஐயா, வணக்கம். எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் ரிஜெக்ஷன் கணக்கை எக்செலில் ஏற்றுவதுதான் என் வேலை. ஷாஃப்டில் (பம்பில் சுழலும் தண்டு) நூற்றுக்கு நாலைந்து கழிகிறது. சாயங்கால மீட்டிங்கில் ஆபரேட்டருக்குத் திட்டு விழுகிறது. மறுநாளும் அதேதான்.

போன மாதம் 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒரு லாட், பேரிங் லூசாக ஏறுகிறது என்று அசெம்பிளியிலிருந்து திரும்பி வந்தது. ரெக்கார்டைப் பார்த்தால் எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. நாள் முழுக்க யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஐ.டி.ஐ. படித்த சீனியர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தவுடனே, "சூட்டோட அளந்திருப்பானுங்க, ஆறவிட்டு அளக்கச் சொல்லு கண்ணு" என்றார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அப்படியானால் நான் நாலு வருடம் என்ன படித்தேன்?

வீட்டிலும் இதே கதை. பழைய போர் வற்றி, புதிதாக ஆயிரம் அடி ஓட்டினோம். "முந்தி 300 அடியில அஞ்சு ஹெச்.பி. மோட்டார் நல்லாத் தண்ணி எடுத்துச்சு. இப்பவும் புது அஞ்சு ஹெச்.பி.தான், இத்துனூண்டு வருது. நீ பம்ப் கம்பெனியிலதானே இருக்கே, ஏன்னு சொல்லு" என்று அப்பா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கறவை மாடு இரண்டை விற்றுத்தான் கடைசி வருட ஃபீஸ் கட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவனுக்கும் மெக்கானிக்கல்தான் ஆசை. பேசாமல் ஐ.டி.ஐ.யில் சேரச் சொல்லலாமா? நானும் தோழிகளைப் போல சாஃப்ட்வேர் கோர்ஸ் ஒன்று முடித்து வேறு பக்கம் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம், காங்கேயம் வட்டம்

பதில்:

வணக்கம் அம்மிணி.

கல்லூரியில் நீங்கள் எழுதிய தாள்களில் பாதிக்கு மேல் இந்த வேலைக்கு நேரடியாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சம் இருப்பது கட்டாயம் வரும், ஆனால் தானாக வராது. பிரச்சினை நடக்கும் இடத்துக்கு நீங்கள்தான் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் சம்பவங்களிலேயே உங்கள் பாடம் இருக்கிறது, கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஷாஃப்டிலிருந்து ஆரம்பிப்போம். பேரிங் உட்காரும் இடத்துக்கு டிராயிங்கில் பெரும்பாலும் கே6 என்று ஃபிட், அதாவது பேரிங் சரியான இறுக்கத்தில் உட்காருவதற்கான அளவு வரம்பு, கொடுத்திருப்பார்கள். 40 மில்லி ஷாஃப்டுக்கு கே6 என்றால் 40.002-லிருந்து 40.018 வரை. மொத்த இடைவெளி 16 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஸ்டீல் ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். பள்ளி பிசிக்ஸில் படித்த விஷயம் இது. கல்லூரியில் மெட்ராலஜி, அதாவது அளவியல் தாளில் இரண்டு மார்க் கேள்வியாகவும் படித்திருப்பீர்கள். மெஷினிலிருந்து எடுத்த ஷாஃப்ட், உங்கள் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி சூடாக இருக்கிறது என்று வையுங்கள். கையில் பிடித்தால் சுடும், ஆனால் பிடிக்க முடியும், அவ்வளவுதான் சூடு. 40 மில்லி விட்டத்தில் அது 9 மைக்ரான் அதிகமாகக் காட்டும். சூட்டில் 40.008 என்று ரெக்கார்டில் ஏறிய ஷாஃப்ட், ஆறினதும் 39.999 ஆகிவிடும். குறைந்தபட்ச அளவுக்கு 3 மைக்ரான் கீழே. உங்கள் ரெக்கார்டு சரியாக இருந்ததும் பேரிங் லூசாக ஏறியதும் இப்படித்தான் ஒரே நேரத்தில் நடந்தது.

அந்த அண்ணனுக்கு ஆறவிட்டு அளக்க வேண்டும் என்று தெரியும். பல வருடம் கையால் தொட்டு வந்த அறிவு அது, அதன் மதிப்பை ஒரு துளி குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த கேள்விகளைப் பாருங்கள். எவ்வளவு ஆற வேண்டும்? எல்லா ஷாஃப்டையும் ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தால் அந்த ஷிஃப்டில் உற்பத்தி என்ன ஆகும்? 12 மில்லி ஷாஃப்டுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டுமா? இதற்கெல்லாம் அனுபவம் மட்டும் பதில் சொல்லாது, அதே சூத்திரம் சொல்லும். வித்தியாசம் 5 டிகிரிக்குள் வந்துவிட்டால் 40 மில்லியில் பிழை 2.3 மைக்ரான்தான். 12 மில்லி ஷாஃப்டில் 20 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் 3 மைக்ரானுக்குள்தான் வரும். ஆக, பெரிய ஷாஃப்டுக்கு ஒரு விதி, சின்னதற்கு ஒரு விதி என்று வைத்தாலே போதும். காத்திருக்கவே முடியாத இடத்தில், அளவு தெரிந்த ஒரு மாஸ்டர் பீஸை அதே கூலன்டில் போட்டு வைத்து அதோடு ஒப்பிட்டு அளக்கலாம். இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதால் சூட்டின் பிழை அங்கேயே கழிந்துவிடும்.

என்ன நடக்கிறது என்பதை அனுபவஸ்தர் சொல்லிவிடுவார். எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியது படித்தவருடைய பொறுப்பு. உங்கள் வேலையில் படிப்பு நிற்கும் இடம் இதுதான். அண்ணன் "ஆறவிடு" என்று சொன்னதோடு அந்த விஷயம் அன்றைக்கு முடிந்துவிட்டது. "5 டிகிரிக்குள் வந்த பிறகு அளக்கவும்" என்று நீங்கள் இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த அண்ணன் லீவில் போன நாளிலும், அவர் ரிட்டயர் ஆன பிறகும் அது நின்று வேலை செய்யும்.

அடுத்தது அந்த நூற்றுக்கு நாலைந்து. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு மனிதர் தினமும் திட்டு வாங்குகிறார்.

ஆறவிட்டு ஒழுங்காக அளந்த 50 ஷாஃப்டின் அளவுகளை வரிசையாக எக்செலில் போடுங்கள். சராசரி எடுங்கள், அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுங்கள். எக்செலில் ஒரே ஒரு ஃபார்முலாதான். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 4 மைக்ரான் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். டிராயிங் தரும் 16 மைக்ரானை நடுவிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 8. அதாவது இரண்டு சிக்மா (ஸ்டாண்டர்ட் டீவியேஷனைத்தான் சிக்மா என்பார்கள்). நார்மல் டிஸ்ட்ரிபியூஷனில் இரண்டு சிக்மாவுக்கு வெளியே விழுவது, இரண்டு பக்கமும் சேர்த்து, 4.55 சதவீதம். கணிதத் தாளில் அந்த டேபிளைப் பார்த்து எத்தனை கணக்குப் போட்டிருப்பீர்கள்!

இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? மெஷினைச் சரியாக நடுவில் செட் செய்து, ஆபரேட்டர் ஒரு தப்பும் செய்யாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணும் கருத்துமாக ஓட்டினாலும் நூற்றுக்கு நாலைந்து வெளியே விழத்தான் செய்யும். ஸ்பின்டில் பேரிங் தேய்ந்திருக்கலாம், ஜாப்பைப் பிடிக்கும் பிடியில் ஆட்டம் இருக்கலாம், டூலைத் தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டுவதாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் அது மெஷினிலும் முறையிலும் இருக்கிறது. திட்டினால் ஒரு மைக்ரான் கூடக் குறையாது.

திட்டு தொடர்ந்தால் இன்னொரு கெடுதலும் நடக்கும். உங்கள் எக்செலில் மைக்ரோமீட்டர் ரீடிங்கின் கடைசி இலக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒழுங்காக அளந்த கணக்கில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் கலந்து வரும். உங்கள் ஷீட்டில் 0-வும் 5-ம் மட்டுமே வரிசையாக நின்றால், யாரோ பயந்துகொண்டு உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தால் யாரையும் மாட்டிவிட ஓடாதீர்கள். பயத்தில் எழுதிய எண்ணுக்குப் பயத்தை உண்டாக்கியவர்தான் முதல் பொறுப்பு.

இன்னொரு சின்ன வேலை. கழிந்த ஷாஃப்டுகள் எல்லாம் ஒரே பக்கம், அதாவது எல்லாமே பெரிதாகவோ எல்லாமே சிறிதாகவோ விழுகின்றனவா, அல்லது இரண்டு பக்கமும் விழுகின்றனவா என்று பிரித்துப் பாருங்கள். ஒரே பக்கம் என்றால் முதலில் செட்டிங்கைப் பார்க்க வேண்டும், ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் கொடுத்த அளவுத் திருத்தத்தை, மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். இரண்டு பக்கமும் என்றால் மெஷினைப் பிரித்துப் பார்க்க மெயின்டனன்ஸிடம் கேட்க வேண்டும். தினமும் மீட்டிங்கில் பேசியும் முடியாத விஷயத்தில் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று இந்த ஒரு பிரிப்பு காட்டிவிடும். "எக்செலில் ஏற்றுவதுதான் என் வேலை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த எக்செலில்தான் இதெல்லாம் இருக்கிறது. நான் பார்த்த வரையில், பம்ப், மோட்டார், ஃபவுண்டரி எதுவானாலும் கோவையில் இளம் இன்ஜினியர்கள் தொடாமல் விட்டுவிடும் பாடங்களில் முதலாவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான். ஆபரேட்டரின் மானத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

அப்பாவின் போருக்கு வருவோம். இதை இந்த வாரமே ஊருக்குப் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு அது முக்கியம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை 250 மீட்டர் உயரம் தூக்க 9.81 பெருக்கல் 250, சுமார் 2,450 ஜூல் வேண்டும். ஆயிரம் அடி போரில் தண்ணீர் 800 அடியில் நின்றால், பைப்பில் ஆகும் உராய்வையும் சேர்த்து ஏறக்குறைய அந்த 250 மீட்டர் வரும். 5 ஹெச்.பி. என்பது 3.7 கிலோவாட். பம்பின் எஃபிஷியன்சி பாதி என்று வைத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேருவது 1,850 வாட், அதாவது நொடிக்கு 1,850 ஜூல். 1,850-ஐ 2,450-ஆல் வகுத்தால் நொடிக்கு முக்கால் லிட்டர், நிமிடத்துக்கு 45 லிட்டர். பழைய போரில் 300 அடியிலிருந்து எடுத்தபோது, உராய்வோடு சேர்த்து 100 மீட்டர் என்று வையுங்கள், அதே 1,850 வாட் நிமிடத்துக்கு 113 லிட்டர் கொடுத்திருக்கும். மோட்டார் மோசம் இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. தூக்க வேண்டிய உயரம் இரண்டரை மடங்கு ஆனதால் தண்ணீர் இரண்டரை மடங்கு குறைந்திருக்கிறது.

இதில் அவருக்கு நேரடியாக உதவும் விஷயம் ஒன்று உண்டு. 20 லிட்டர் குடத்தையும் கைக்கடிகாரத்தையும் வைத்து இப்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து பாருங்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை போர் போட்டவரிடமோ மோட்டார் இறக்கியவரிடமோ கேளுங்கள். கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் மோட்டாரை விட்டுவிட்டு சொட்டுநீர் பக்கம் யோசிக்கலாம். கணக்கில் வருவதில் பாதிதான் வருகிறது என்றால் பைப் ஜாயின்டில் ஒழுகல், இம்பெல்லர் தேய்மானம், வோல்டேஜ் குறைவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வோல்டேஜ் விஷயத்தில் இன்டக்ஷன் மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் வர வேண்டிய லைனில் 340 வந்தால் முறுக்கு விசை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். அப்போது மோட்டார் அதிக கரன்ட் இழுத்துச் சூடாகும், காயில் எரியும். நம் பக்கத்துக் கிராமங்களில் எரிந்த மோட்டார்களில் எத்தனையோ இப்படி எரிந்தவைதான். நீங்கள் ஒரே செமஸ்டர் படித்த பேசிக் எலெக்ட்ரிக்கல் தாளில் இது இருக்கிறது. அப்பாவின் ஃபீஸ் பணத்துக்கு இதைவிட நேரடியான கணக்கு வேறு என்ன வேண்டும்?

என் வேலையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போன மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக, தண்ணீருக்கு மேலே வைத்து ஓட்டுவது) தண்ணீர் எடுக்கவில்லை என்று புகார் வந்தது. கோவை டெஸ்ட் பெட்டில் 7 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்துக் காட்டிய பம்ப் அது. சர்வீஸ் ஆட்கள் ஃபுட் வால்வை மாற்றினார்கள், சீலை மாற்றினார்கள். பம்பையே மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் எடுக்கவில்லை. விஷயம் பம்பில் இல்லை, காற்றில் இருந்தது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, வெளியில் இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 9.8 மீட்டர். கோத்தகிரிப் பக்கம், 1,800 மீட்டர் உயரத்தில் அது 8.3 ஆகிவிடும். அந்த ஒன்றரை மீட்டர் மலை ஏறும்போதே போய்விட்டது. இங்கே 7 மீட்டர் எடுத்த பம்ப் அங்கே ஐந்தரைதான் எடுக்கும். பம்பை ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலாகவே கீழே இறக்கி வைத்ததும் தண்ணீர் வந்தது. சர்வீஸ் ஆட்கள் கெட்டிக்காரர்கள், சமவெளியில் அவர்களை அசைக்க முடியாது. அவர்கள் கையில் இருந்த அனுபவம் முழுக்க சமவெளியில் கிடைத்தது என்பதுதான் அங்கே சிக்கல். கைப்பழக்கம் அது பழகிய இடத்தில் பிரமாதமாக வேலை செய்யும். இடம் மாறும்போது, மெட்டீரியல் மாறும்போது, சைஸ் மாறும்போது பாடம் தேவைப்படுகிறது.

சரி, வராத பாடங்களையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகாது. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மை நீங்கள் இருக்கும் பிரிவில் யாரும் கேட்க மாட்டார்கள். டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைக் கையால் தீர்க்கச் சொல்லும் நாளும் வராது. ஸ்டீம் டர்பைன் பற்றி எழுதிய 13 மார்க் பதில்கள் பம்ப் கம்பெனியில் உதவாது. டிசைன் பிரிவுக்கோ ஆராய்ச்சிக்கோ போகிறவர்களுக்கு இவற்றில் சில வேண்டும், அவர்கள் எண்ணிக்கை குறைவு. ஆனால் டிராயிங் தினமும் வரும். மெட்டீரியல் சயின்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மெட்ராலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஆகிய ஐந்தும் கோவையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் வரும். எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் டெக்னிக்கல் இங்கிலீஷும் வரும், வெளிநாட்டு கஸ்டமருக்கு ஒரு புகாரின் காரணத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர் ஒரு கம்பெனிக்குப் பெரிய சொத்து.

இந்த வாக்குவாதம் நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் உருவாக்கிய ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர். 1945-ல் அன்றைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய, இன்றைக்கு ஜி.சி.டி. என்று நாம் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாலு வருடம் வீண், இரண்டு வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அன்றைய அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நம் குறை வருடக் கணக்கில் இல்லை, பாடமும் பட்டறையும் ஒன்றையொன்று பார்க்காமல் நாலு வருடம் ஓடுவதில் இருக்கிறது. இதற்கும் நம் ஊரிலேயே ஒரு பதில் உண்டு. பி.எஸ்.ஜி. டெக்கில் சான்ட்விச் கோர்ஸ் என்று ஐந்து வருடப் படிப்பு இருக்கிறது. அதில் வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் மாறி மாறி வரும். சூட்டில் அளந்த ஷாஃப்ட் ஏன் பொய் சொல்கிறது என்று மெஷின் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்த மாணவர், அதை இரண்டு மார்க் கேள்வியாக மறந்துபோக மாட்டார். மற்ற கல்லூரிகளில் யூனிட் வாரியாக முக்கியக் கேள்விகளைப் படித்து, அரியர் இல்லாமல் வெளியே வந்தால் போதும் என்று பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நல்ல மூளைகள், நல்ல பாடங்கள், இரண்டுக்கும் நடுவில் பரீட்சைத் தாள் மட்டும்தான் நிற்கிறது. உங்களுக்குப் படிப்பு இல்லாமல் இல்லை அம்மிணி, அதை எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட அந்த நாலு வருடத்தில் ஆள் இல்லை.

இப்போது அந்த ஆள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார், அந்த சீனியர் அண்ணன்தான். அவரிடம் போய் இன்ஜினியர் என்று நின்றால் ஒன்றும் கிடைக்காது. "நீங்க சொன்னது சரிதானுங்கண்ணா, எவ்வளவு விரியுதுன்னு போட்டுப் பார்த்தேன், 9 மைக்ரான் வருதுங்க" என்று பேப்பரோடு போங்கள். நம் பக்கத்தில் அப்படிக் கேட்டு வரும் பிள்ளையை யாரும் விரட்ட மாட்டார்கள். அவர் பார்த்தவுடனே சொல்லும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி ஹாஸ்டலில் பழைய புத்தகத்தைத் திறந்து, இது எந்தப் பாடம் என்று தேடுங்கள். கண்டுபிடித்த கணக்கை மறுநாள் அவரிடமே காட்டுங்கள், தப்பு இருந்தால் முதலில் அவருக்குத்தான் தெரியும். மீட்டிங்கில் அந்த 4.55 சதவீதத்தைப் பற்றிப் பேசும்போதும் அண்ணனை முன்னால் வைத்துப் பேசுங்கள். அவருடைய பெயர் இருந்தால் ஷாப்ஃப்ளோர் கேட்கும், உங்கள் எண்கள் இருந்தால் மேனேஜர் கேட்பார்.

சாஃப்ட்வேர் பக்கம் போவது பற்றி. அந்த வேலையில் உண்மையாகவே ஆசை இருந்தால் போங்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. இங்கே படித்தது உதவவில்லை என்ற எண்ணத்தில் மட்டும் போகாதீர்கள். அங்கேயும் எட்டாவது மாதத்தில் இதே கடிதத்தை எழுதுவீர்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு எங்கேயும் முதலில் கொடுப்பது படிப்பு தேவைப்படாத வேலைதான். ஷாஃப்ட் கணக்கை முடித்துவிட்டு, ஒரு வருடம் நிறைந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

தம்பி விஷயத்தில் ஐ.டி.ஐ.யைக் குறைவாக நினைத்து நான் தடுக்கவில்லை. ஃபிட்டர், மெஷினிஸ்ட் படித்த நல்ல ஆளுக்கு கோவையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பிளஸ் டூவில் கணக்கும் பிசிக்ஸும் படித்திருந்தால் அவருக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்து மூன்று வருடம். மொத்தம் ஐந்து வருடம், நேராக பி.இ. போவதைவிட ஒரே ஒரு வருடம் கூட. அந்த ஒரு வருடத்துக்கு லேத்தில் கை பழகியிருக்கும். டிப்ளமோ முடித்ததும் வீட்டு நிலைமை சரியில்லை என்றால் வேலைக்குப் போய்விடலாம், நாலு வருடம் முடியும் வரை ஃபீஸுக்கு மாட்டை விற்க வேண்டியதில்லை. எனக்குத் தம்பி இருந்தால் இந்த வழியைத்தான் சொல்வேன். அவருக்கு வகுப்பில் உட்கார்ந்து படிப்பதுதான் பிடிக்கும், மார்க்கும் நன்றாக இருக்கிறது என்றால் நேராக பி.இ.க்கே போகட்டும், சான்ட்விச் கோர்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

பி.இ. என்று முடிவானால் பண விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிவிட்டதால் முதல் பட்டதாரி சலுகை இனி தம்பிக்குக் கிடைக்காது. ஆனால் அவர் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்கான சான்றிதழ்களை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே வாங்கி வையுங்கள், நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும்.